சல்லியைக் கட்டுங்கள், பிறகு நடங்கள்

"நாளையில இருந்து நடக்கப்போறன்" என்று களுதாவளையில் இனி யாரும் வெறுங்கையோடு சொல்லாதீர்கள். சொல்வதென்றால் ஒரு தொகைச் சல்லியை எண்ணி, நம்பிக்கையான ஒருவர் கையில் கொடுத்துவிட்டுச் சொல்லுங்கள். நடந்தால் அந்தச் சல்லி உங்களுக்குத் திரும்பி வரும். நடக்காவிட்டால் வராது. நான் உங்களிடம் கேட்பது இவ்வளவுதான். ஆனால் கடுமையாகக் கேட்கிறேன், ஏனென்றால் நாள் போய்க்கொண்டிருக்கிறது.

நாள் போவதைக் கண்ணால் பார்க்க விரும்பினால், கிளினிக் நடக்கிற ஒரு காலையில் களுவாஞ்சிகுடி ஆதார வைத்தியசாலைப் பக்கம் போய் வாருங்கள். கையில் கிளினிக் கொப்பியோடு வாங்கில் காத்திருக்கிறவர்களில் எத்தனை பேர் நம் ஊர் முகங்கள் என்று பாருங்கள். முன்பு அம்மாவையோ அப்பாவையோ கூட்டிக்கொண்டு வந்த வயதுக்காரர்கள் இப்போது தங்களுக்கே கொப்பி வைத்திருக்கிறார்கள். சீனி, பிரஷர், கொலஸ்ட்ரோல் என்ற மூன்றும் ஒரே கொப்பியில் எழுதப்பட்டிருக்கும். அவர்களில் பலர் நாற்பதைத் தொட்டவர்கள் கூட இல்லை.

இலங்கையின் வயதுவந்தோரில் ஐந்தில் ஒருவருக்குச் சீனி வருத்தமோ அதன் முன்நிலையோ இருப்பதாக 2008இல் வெளிவந்த பெரிய ஆய்வொன்று சொன்னது. 2005, 2006ஆம் ஆண்டுகளில் எடுத்த கணக்கு அது. போர் நடந்த காலம் என்பதால் வடக்கும் கிழக்கும் அந்தக் கணக்கில் சேரவில்லை. நம்மை எண்ணாமல் விட்டார்கள் என்பதற்காக நம்மிடம் நோய் இல்லை என்று ஆகிவிடாது. கிளினிக் வாங்கு நம் கணக்கைச் சொல்கிறது.

ஏன் இப்படி வந்தது என்பதும் நமக்குத் தெரியாததல்ல. கடலுக்கும் வாவிக்கும் நடுவே கிடக்கும் இந்த மணல் ஊரில் வெற்றிலைத் தோட்டம் வைத்தவர்கள் கிணற்றில் தண்ணீர் அள்ளி, குடம் குடமாகச் சுமந்து கொடிக்கு ஊற்றினார்கள். அந்தத் தலைமுறைக்கு நடக்கச் சொல்லி யாரும் புத்தி சொல்ல வேண்டியிருக்கவில்லை. இன்றைக்கு மோட்டார் தண்ணீர் இறைக்கிறது. அது நல்லது. பழைய முதுகு முறிகிற வேலைக்குத் திரும்பிப் போகச் சொல்கிற ஆள் நான் இல்லை. ஆனால் மோட்டார் மிச்சப்படுத்தித் தந்த உழைப்பை நாம் எங்கே கொண்டுபோய்ப் போட்டோம்? கோயிலடிக்குப் போகவும் மோட்டார் சைக்கிள், ரெண்டு ஒழுங்கை தள்ளி இருக்கிற கடையில் பாண் வாங்கவும் மோட்டார் சைக்கிள். வீட்டுக்கு வந்தால் சீனி அள்ளிப் போட்ட தேத்தண்ணி, இரவுக்கு ஒரு தட்டு நிறையச் சோறு, கையில் போன். தோட்டக்காரனின் சாப்பாட்டைக் கந்தோர்க்காரனின் உடம்பு சாப்பிடுகிறது.

நடந்தால் பலன் உண்டா என்று கேட்பவர்களுக்கு ஒரு பதில். சென்னையில் மருத்துவர் ஏ. ராமச்சந்திரன் தலைமையில் நடந்த ஆய்வு 2006இல் வெளியானது. சீனி வருத்தத்தின் விளிம்பில் நின்ற 531 பேரை எடுத்து, சிலருக்கு நடையும் சாப்பாட்டு மாற்றமும் மட்டும், சிலருக்கு மெற்போமின் மாத்திரை, சிலருக்கு இரண்டும், சிலருக்கு வழக்கமான அறிவுரை மட்டும் என்று பிரித்தார்கள். அறிவுரையோடு விடப்பட்டவர்களில் பாதிக்கு மேற்பட்டோர் மூன்றாண்டுக்குள் நோயாளர் ஆனார்கள். நடையும் சாப்பாடும் திருத்தியவர்களிடம் அந்த ஆபத்து 28.5 சதவீதம் குறைந்தது. மாத்திரை எடுத்தவர்களிடம் குறைந்தது 26.4 சதவீதம். நம்மைப் போலவே சோறு சாப்பிடுகிற, நம்மைப் போலவே வயிற்றில் கொழுப்புச் சேர்கிற உடம்புகள் அவை. நடையும் சாப்பாட்டு மாற்றமும் சேர்ந்து கொடுத்த நன்மை மாத்திரை கொடுத்த நன்மைக்குக் குறைந்ததாக இல்லை.

இதெல்லாம் நமக்குச் சொல்லப்படாமலும் இல்லை. வைத்தியர் சொல்கிறார், குடும்பநல உத்தியோகத்தர் வீட்டுக்கே வந்து சொல்கிறார். கிழமைக்கு 150 நிமிடம், அதாவது ஐந்து நாள், நாளுக்கு அரை மணித்தியாலம், கொஞ்சம் மூச்சு வாங்குகிற வேகத்தில் என்று உலக சுகாதார நிறுவனம் சொல்லிப் பல ஆண்டுகள். கேட்கிறோம், தலையாட்டுகிறோம், அடுத்த நாள் வெள்ளன எழும்பிக் கடற்கரைப் பக்கம் போகிறோம். மூன்றாம் நாளும் போகிறோம். பிறகு ஒருநாள் யாராவது கேட்பார்கள்: "என்ன அண்ணன், ரெண்டு மூணு நாளாக் காணல்ல?" பதில் தயாராக இருக்கும். "மழைக்குணமா இருக்கு தம்பி. வாற மாசம் பாப்பம்." அந்த வாற மாதம் வருவதே இல்லை.

இதற்குச் சோம்பல் என்று பெயர் வைத்துத் திட்டுவதில் எனக்கு நம்பிக்கை இல்லை. இந்த ஊர் சோம்பேறிகளின் ஊர் அல்ல. 2022இல் பெற்றோல் இல்லாமல் போனபோது என்ன செய்தோம்? எரிபொருள் நிலைய வரிசைகளில் நாட்கணக்கில் நின்றோம். பிறகு கியூஆர் குறியீட்டுக்குக் கிழமைக்கு இத்தனை லீற்றர் என்று அளந்து தந்தார்கள். அந்த மாதங்களில் வளவின் மூலையில் துருப்பிடித்துக் கிடந்த சைக்கிள்களை எல்லாம் இழுத்தெடுத்து எண்ணெய் போட்டோம். கந்தோருக்குப் போகிறவர் சைக்கிளில் போனார், படிப்பிக்கப் போகிறவர் சைக்கிளில் போனார், கால் நோகுது என்று வருடக்கணக்காகச் சொன்னவரும் போனார். பெற்றோல் வந்தது. சைக்கிள் மறுபடியும் மூலைக்குப் போனது. நம்மால் முடியும் என்பதற்கும், கட்டாயம் விலகிய மறுநாளே கைவிடுவோம் என்பதற்கும் அந்த ஆண்டு ஒன்றே போதுமான சான்று.

அப்படியென்றால் கட்டாயத்தை நாமே உண்டாக்கிக்கொள்ள வேண்டும். அதை உண்டாக்கத் தெரியாத சனமா நாம்? கதிர்காமத்துக்கு நேர்ந்துகொண்ட ஒருவரைப் பாருங்கள். ஆண்டு முழுவதும் சந்திக்குக்கூட நடக்காதவர், ஆடிவேல் காலத்தில் பொத்துவில் கடந்து, உகந்தையில் கும்பிட்டு, குமுக்கன் ஆறு தாண்டி, யால காட்டு வழியே தலையில் பொட்டலத்தோடு நாட்கணக்கில் நடக்கிறார். பாதம் கொப்பளிக்கிறது, தண்ணீருக்குத் தட்டுப்பாடு, யானை வரும் என்ற பயம். திரும்பி வருகிறாரா? வருவதில்லை. முருகனிடம் வாய்விட்டுச் சொல்லியாயிற்று, வீட்டில் மஞ்சள் துணியில் காசு முடிந்து வைத்தாயிற்று, ஊருக்கும் தெரிந்துவிட்டது. கண்ணகி அம்மன் சடங்குக்கும் தீமிதிப்புக்கும் காப்புக் கட்டிக்கொண்டவர் கடைத்தேத்தண்ணிகூடக் குடிக்காமல் கோயில் வளவிலேயே கிடக்கிறார். முடிந்து வைத்த காசும் மணிக்கட்டில் கட்டிய கயிறும் வெளியில் எல்லோருக்கும் தெரிகிற மாதிரி இருப்பதால், உள்ளே மனம் தளர்கிற வேளையிலும் அவை ஆளைப் பிடித்து நிறுத்துகின்றன.

சீட்டும் அப்படித்தான். இருபது பேர் சேர்ந்து ஆளுக்கு மாதம் 5,000 ரூபா போடுகிறார்கள் என்று வையுங்கள். மாதம் ஒருவர் கைக்கு ஒரு இலட்சம் போகிறது. அதே 5,000 ரூபாவைத் தன் அலுமாரியில் மாதாமாதம் வைக்கச் சொன்னால் அந்த இருபது பேரில் எத்தனை பேர் இருபது மாதம் வைப்பார்கள்? சீட்டுக் காசு மட்டும் கடன் வாங்கியாவது வந்து சேர்கிறது. பத்தொன்பது முகங்கள் காத்திருக்கின்றன என்பதுதான் காரணம். பிள்ளையின் பெயர் சூட்டலையும், வீட்டுக் கூரையையும், வெளிநாட்டுப் பயணத்தையும் இப்படிக் கட்டிப்போட்டே சாதித்த நாம், நம் சொந்த உடம்பை மட்டும் ஏன் கட்டில்லாமல் விட்டோம்?

தனக்குத்தானே சொல்லிக்கொண்ட வாக்கை மீறுவது குற்றமாகவே நமக்குப் படுவதில்லை. யாருக்கு நட்டம், எனக்குத்தானே என்று நினைக்கிறோம். அது பொய். அப்பாவின் காலை எடுக்க வேண்டி வந்த வீட்டில் படிப்பை விட்டுவிட்டு வேலைக்குப் போன பிள்ளைக்கு நட்டம். சிறுநீரகம் பழுதாகி டயாலிசிஸுக்கு மட்டக்களப்புக்கும் வீட்டுக்கும் அலைகிறவரின் மனைவிக்கு நட்டம். சீனி கண்ணைக் கெடுத்த அம்மாவைப் பார்க்க, கட்டாரில் வேலை செய்கிற மகன் அரைவழியில் திரும்பி வருகிறான். உங்கள் உடம்பின் மேல் உரிமை உள்ளவர் நீங்கள் ஒருவர் மட்டும் அல்லர். ஆகவே நடப்பேன் என்று சொல்லி நடக்காமல் விடுவது வாக்குத் தவறுதல்தான். அதற்கு ஒரு விலை இருக்கட்டும் என்கிறேன்.

விலை வைத்தால் வேலை செய்யுமா? கோயம்புத்தூரில் பார்த்திருக்கிறார்கள். சில்பா அகர்வால், ரெபேக்கா டைசன்-ராஸ், ஏரியல் சக்கர் என்ற மூன்று பொருளியலாளர்கள், சீனி வருத்தம் உள்ளவர்களும் அதன் விளிம்பில் நிற்பவர்களுமாக மூவாயிரம் பேருக்கு மேல் சேர்த்தார்கள். எல்லோருக்கும் அடி எண்ணும் சிறு கருவி. நாளுக்கு 10,000 அடி இலக்கு. ஒரு பகுதியினருக்கு, இலக்கை எட்டிய நாளுக்குக் கைத்தொலைபேசி ரீசார்ஜாகச் சில ரூபாய்கள். தொகை அற்பம். ஆனால் அது கிடைத்தவர்கள் ஏறக்குறைய பாதி நாட்களில் இலக்கைத் தொட்டார்கள். கிடைக்காதவர்கள் தொட்டது மூன்றில் ஒரு பங்குக்கும் குறைவான நாட்களில். நாளுக்குப் பதின்மூன்று நிமிட விறுவிறு நடை கூடியிருந்தது. இன்னொரு பகுதியினருக்கு விதியைக் கடுமையாக்கினார்கள்: கிழமையில் குறைந்தது நாலு நாளாவது, அல்லது ஐந்து நாளாவது எட்டினால்தான் சல்லி, அதற்குக் கீழே எத்தனை நாள் நடந்திருந்தாலும் ஒன்றும் இல்லை. குறைந்த செலவில் அதே அளவு நடை கிடைத்தது. அதிலும், இன்றைய சுகத்துக்காக நாளையை விட்டுவிடுகிற சுபாவக்காரரிடம் இந்தக் கடும் விதி நன்றாகவே வேலை செய்தது. நம்மில் பெரும்பாலானோர் அந்தச் சுபாவக்காரர்தாமே.

அங்கே கொடுத்தது பிறர் சல்லி. நம் கையில் ஏற்கெனவே இருப்பதை இழப்பது இன்னும் ஆழமாகத் தைக்கும். அமெரிக்காவில் பென்சில்வேனியாப் பல்கலைக்கழகத்தில் மருத்துவர் மிதேஷ் பட்டேலும் கூட்டாளிகளும் 281 ஊழியர்களை நாளுக்கு 7,000 அடி நடக்கச் சொல்லிப் பதின்மூன்று கிழமை பார்த்தார்கள். ஒரு குழுவுக்கு, நடந்த நாளுக்கு 1.40 டொலர். இன்னொரு குழுவுக்கு மாதத் தொடக்கத்திலேயே 42 டொலர் அவர்கள் கணக்கில் போட்டு, நடக்காத நாளுக்கு 1.40 டொலரைக் கழித்தார்கள். கூட்டிப் பார்த்தால் இரண்டும் ஒரே தொகை. ஒன்றும் கொடுக்காத குழு 30 சதவீத நாட்களில் இலக்கைத் தொட்டது. சம்பாதிக்கச் சொன்ன குழு 35 சதவீதம். இழக்க விட்ட குழு 45 சதவீதம். 2016இல் வெளியான இந்த முடிவு நம் வீட்டுப் பெண்களுக்கு ஆச்சரியமாக இராது. கிடைக்காமல் போன நூறு ரூபாவைவிடத் தொலைந்துபோன நூறு ரூபா எவ்வளவு நாள் மனதை அரிக்கும் என்று அவர்களுக்குத் தெரியும்.

சொந்தச் சல்லியையே கட்டிய சனமும் உண்டு. பிலிப்பைன்சின் மிண்டனாவோ தீவில் ஒரு வங்கி, சிகரெட்டை விட விரும்பியவர்களுக்கு ஒரு கணக்குத் திறந்து கொடுத்தது. ஆறு மாதம் அதில் காசு போட வேண்டும். முடிவில் சிறுநீர்ப் பரிசோதனையில் நிக்கொட்டின் இல்லாவிட்டால் காசு திரும்பி வரும். இருந்தால் முழுவதும் தருமத்துக்குப் போகும். கேட்கப்பட்டவர்களில் நூற்றுக்குப் பதினொரு பேர்தான் துணிந்து கையெழுத்துப் போட்டார்கள். ஆனால் அந்த வாய்ப்பு வைக்கப்பட்டவர்களிடையே புகையை விட்டவர்கள் கூடுதலாக இருந்தார்கள். பன்னிரண்டு மாதம் கழித்து முன்னறிவிப்பில்லாமல் சோதித்தபோதும் அந்த வேறுபாடு அழியவில்லை. சென்னையில் பிராங்க் ஷில்பாக் என்ற ஆய்வாளர் 229 சைக்கிள் ரிக்‌ஷாத் தொழிலாளர்களோடு மூன்று கிழமை நடத்திய ஆய்விலும் இதே ஏக்கம் வெளிப்பட்டது. குடிக்காமல் வந்தால் மட்டும் கிடைக்கும் பணம், எப்படி வந்தாலும் கிடைக்கும் பணம் என்று இரண்டைக் காட்டினார்கள். கணிசமானோர் தொகை குறைந்தாலும் பரவாயில்லை என்று முதலாவதைக் கேட்டார்கள். தங்களைக் கட்டிப்போடச் சொல்லித் தாங்களே கேட்ட ஏழை மனிதர்கள். அவர்களை நினைக்கும்போதெல்லாம் எனக்கு மரியாதை கூடுகிறது. தன் பலவீனத்தை ஒத்துக்கொண்டு அதற்கு வேலி கேட்பதற்கு ஒரு பெருந்தன்மை வேண்டும்.

இனி நம் ஊரில் எப்படிச் செய்வது என்று சொல்கிறேன். இதில் தவறினால் நல்ல காரியம் ஊருக்குள் பகையாக முடியும் என்பதால் ஒவ்வொன்றையும் கவனமாகக் கேளுங்கள்.

நாலைந்து பேர், கூடினால் பத்துப் பேர் சேருங்கள். ஆளுக்குப் பன்னிரண்டு கிழமைக்கான தொகையை முற்பணமாகக் கட்டுங்கள். 3,000 ரூபா கட்டினால் கிழமைக்கு 250 ரூபா. ஐந்து நாள், நாளுக்கு முப்பது நிமிடம் நடந்த கிழமையின் 250 ரூபா ஞாயிற்றுக்கிழமை உங்கள் கைக்குத் திரும்பி வரும். நாலு நாள் நடந்து ஐந்தாம் நாள் தவறினாலும் அந்தக் கிழமைக் காசு போனதுதான். ஏழு நாளில் ரெண்டு நாள் விடுமுறை ஏற்கெனவே தரப்பட்டிருக்கிறது. செத்த வீடு, கலியாண வீடு, மழை எல்லாம் அந்த ரெண்டு நாளுக்குள் அடங்க வேண்டும்.

3,000 என்பது ஒரு பேச்சுக்குச் சொன்னது. எல்லோருக்கும் ஒரே தொகை வைக்காதீர்கள், அது அநியாயம். வங்கியில் வேலை செய்கிறவருக்கு 250 ரூபா போனது தெரியவே தெரியாது. வெற்றிலை கிள்ளக் கூலிக்குப் போகிற அக்காவுக்கு அது பிள்ளையின் கொப்பி. போனால் நோக வேண்டும், ஆனால் அடுப்பு அணையக் கூடாது. அவரவர் தொகையை அவரவரே மனச்சாட்சிப்படி சொல்லட்டும், காசு பிடிக்கிறவருக்கு மட்டும் தெரிந்தால் போதும். சல்லியே கட்ட முடியாதவர் உழைப்பைக் கட்டலாம்: தவறிய கிழமைக்கு நூலகத்திலோ பாடசாலை வளவிலோ அரை நாள் சிரமதானம். சல்லி இல்லை என்பதற்காக ஒருவரையும் வெளியில் நிறுத்தாதீர்கள். நடை அதிகம் தேவைப்படுகிற வீடுகள் சில அங்கேதான் இருக்கின்றன.

கடன் வாங்கிக் கட்டவே கூடாது. நகை அடகு வைத்துக் கட்டக் கூடாது. வீட்டுச் செலவுக்கு வைத்த காசை மனைவிக்குத் தெரியாமல் எடுத்துக் கட்டக் கூடாது. நுண்கடன் நம் பெண்களை என்ன செய்தது என்று இந்த மாவட்டத்துக்கு யாரும் புதிதாகச் சொல்லத் தேவையில்லை. குழுவாகச் சேர்த்து, ஒருத்தி தவறினால் மற்றவர்களை அவள் வாசலில் கொண்டுபோய் நிறுத்தி, கடைசியில் 2018இல் அரசு தலையிட்டுத் தள்ளுபடி அறிவிக்கிற நிலைமை வரை போனது. அந்தச் சாயல் ஒரு துளியும் இதில் விழக் கூடாது. முற்பணமாகக் கட்டியதுதான் பணயம். அதற்கு மேல் யாரும் யாருக்கும் ஒரு சதமும் கடமைப்பட்டவர் அல்லர். நடக்காதவர் வாசலில் போய் யாரும் நிற்கக் கூடாது. அவருடைய காசு பேசாமல் போகட்டும்.

போகிற காசு எங்கே போவது என்பதில் எனக்கு மிகுந்த கவலை உண்டு. நடந்தவர்கள் அதைப் பங்கு போடாதீர்கள். பக்கத்து வீட்டுக்காரன் விழுந்தால் எனக்கு லாபம் என்று வந்துவிட்டால், மழை நாளில் அவனை எழுப்ப உங்கள் கால் அவன் கடப்படிக்குப் போகாது. அது சூதாட்டமாக மாறிவிடும், கிரிக்கெட் பந்தயத்தில் பொடியன்கள் படுகிற பாடு இங்கும் வரும். காசு பிடிக்கிறவரும் அதில் ஒரு ரூபா தொடக் கூடாது. கோயிலுக்குக் கொடுக்கலாமே என்பீர்கள். நான் வேண்டாம் என்கிறேன். நம் ஊர்ப் பிள்ளையாருக்குப் போனால் "புண்ணியத்துக்குத்தானே போச்சு" என்று மனம் ஆறிவிடும், அடுத்த கிழமையும் படுத்துக்கிடப்போம். தேற்றாத்தீவிலோ களுவாஞ்சிகுடியிலோ ஒரு விளையாட்டுக் கழகத்துக்குப் பந்து வாங்கக் கொடுங்கள். அங்கேயும் நம் பிள்ளைகள்தான் விளையாடுகிறார்கள், காசு வீணாகாது. ஆனால் களுதாவளைக்காரருக்கு அது உறைக்கும். 2008இல் யேல் பல்கலைக்கழகப் பேராசிரியர்கள் இயன் அயர்சும் டீன் கார்லனும் காசு கட்டி வாக்குக் காக்கிற இந்த முறையையே ஒரு சேவையாகத் தொடங்கியபோது, தனக்குப் பிடிக்காத அமைப்புக்குக் காசு போகும்படி வைத்துக்கொள்ளவும் இடம் கொடுத்தார்கள். வெறுப்பு நமக்கு வேண்டாம். அயலூர்ப் போட்டி போதும்.

காசு பிடிக்கிறவர் ஒருவராகவும் சாட்சி சொல்கிறவர் வேறொருவராகவும் இருக்கட்டும். மனைவியைச் சாட்சியாக வைக்காதீர்கள், அவர் உண்மை சொன்னால் வீட்டில் சண்டை, சொல்லாவிட்டால் பாவம். உங்களுக்குக் கீழே வேலை செய்கிறவரும் வேண்டாம், உங்களிடம் கடன்பட்டவரும் வேண்டாம். ஓய்வுபெற்ற ஆசிரியர்கள் நிறைந்த ஊர் இது. பிள்ளைகளின் வரவை முப்பது வருடம் நேர்மையாகப் பதிந்த ஒருவர் நம்முடைய வரவையும் பதிவார். அப்படிப் பொறுப்பெடுக்கிற ஐயாமாருக்கும் ரீச்சர்மாருக்கும் கைகூப்பி ஒன்று சொல்கிறேன். இரங்காதீர்கள். "பாவம், இந்த ஒரு கிழமைக்கு விட்டிடுவம்" என்ற சொல் உங்கள் வாயில் வந்தால் முழு ஏற்பாடும் அன்றோடு செத்துவிடும். நீங்கள் விட்டுக்கொடுக்கிற 250 ரூபா அவருக்கு நன்மையாக முடிவதில்லை. நடக்கிறவர்களுக்கும் சொல்கிறேன்: போனை ஏணையில் போட்டு ஆட்டி அடி எண்ண வைக்காதீர்கள், ஒழுங்கை முனை வரை போய்க் கிறுகி வந்துவிட்டு அரை மணித்தியாலம் என்று சொல்லாதீர்கள். நோய்க்குப் பொய்க்கணக்கு காட்ட முடியாது.

உடம்பைக் கேட்காமல் தொடங்கவும் வேண்டாம். ஏற்கெனவே வருத்தம் உள்ளவர்கள், நெஞ்சுநோ வந்தவர்கள், வயது போனவர்கள் கிளினிக்கில் கேட்டுவிட்டுக் காசு கட்டுங்கள். பாதம் விறைத்தவர்கள் கடற்கரை மணலில் வெறுங்காலோடு நடக்காதீர்கள். சிப்பி கீறினது தெரியாமல் புண்ணாகி, அந்தப் புண்தான் காலையே கேட்கும். இன்சுலின் போடுகிறவர்களும் சீனி மாத்திரை எடுக்கிறவர்களும் சட்டைப் பையில் இனிப்பு வைத்துக்கொள்ளுங்கள். காய்ச்சல், காயம், வைத்தியர் ஓய்வெடுக்கச் சொன்ன நாட்கள் கணக்கில் வரக் கூடாது. இதைத் தொடக்கத்திலேயே எழுதிவையுங்கள், பிறகு வாதாடாதீர்கள். காசு போகுமே என்று நெஞ்சு நோவோடு நடந்து ஒருவர் விழுந்தார் என்ற பழி நம் ஊருக்கு வரக் கூடாது.

பெண்களை விட்டுவிட்டு இதைச் செய்வீர்களானால் பாதி வேலைகூட ஆகாது. தங்கச்சிமார், அக்காமார், மாமிமார் நடக்க வெளிக்கிட்டால் "என்னத்துக்கு இப்ப ரோட்டில திரியிறா" என்று கேட்கிற வாய்கள் இருக்கின்றன. அந்த வாய்களை அடைக்க வேண்டியது ஆண்களின் கடமை. காலையில் அரை மணித்தியாலம் அடுப்படியை நீங்கள் பார்த்துக்கொண்டால் அவர் நடந்துவிட்டு வருவார். பெண்கள் நாலு பேராகச் சேர்ந்து நடங்கள், நாய்க்கு ஒரு தடி கையில் இருக்கட்டும். பிரதான வீதியில் பஸ்களும் லொறிகளும் பறக்கும் நேரத்தைத் தவிருங்கள், உள்வீதியே போதும். மாரியில் கார்த்திகை முதல் தை வரை மழை நம்மைச் சோதிக்கும். அந்த மாதங்களுக்குப் பாடசாலை மண்டபத்தையோ சனசமூகக் கட்டடத்தையோ இப்போதே கேட்டு வையுங்கள். கூரைக்குக் கீழே வட்டமாக நடந்தாலும் அது நடைதான்.

நடப்பதற்கும் சல்லியா, மனம் இருந்தால் போதாதா என்று சில பெரியவர்கள் முகம் சுளிக்கிறார்கள். மனம் இருக்கிறவர்கள் நடக்கட்டும், அவர்களிடம் நான் ஒன்றும் கேட்கவில்லை. வருடக்கணக்காக மனம் வருகிறதா என்று காத்துக்கொண்டிருக்கிறவர்களிடம்தான் பேசுகிறேன். இன்னொரு பக்கம், பன்னிரண்டு கிழமை முடிந்ததும் எல்லோரும் படுத்துவிடுவார்களே என்கிறார்கள். இந்தப் பயம் நியாயமானது. 2008இல் வெளியான ஓர் அமெரிக்க ஆய்வில், காசு கட்டி எடை குறைத்தவர்கள் பதினாறு கிழமையில் நன்றாகக் குறைத்தார்கள், காசு நின்ற பிறகு அதில் பெரும்பகுதியைத் திரும்ப ஏற்றிக்கொண்டார்கள். ஆனால் இன்னோர் ஆய்வு வேறொன்றையும் காட்டியது. ஒரு பெரிய நிறுவனத்தின் ஊழியர்களுக்கு உடற்பயிற்சிக்கூடம் போகச் சிறிது காலம் காசு கொடுத்து நிறுத்தினார்கள். சிலருக்கு மட்டும், தொடர்ந்து போவேன் என்று சொந்தக் காசைக் கட்டிக்கொள்ளும் வாய்ப்பைக் கொடுத்தார்கள். காசு மட்டும் வாங்கியவர்களின் பழக்கம் பெரும்பாலும் கரைந்துபோனது. சொந்தக் காசு கட்டும் வாய்ப்புக் கிடைத்தவர்களிடம் அது நெடுநாள் நின்றது. ஆகவே ஒரு பன்னிரண்டு கிழமைச் சுற்று முடிகிற ஞாயிறே அடுத்த சுற்றின் முதல் ஞாயிறாக இருக்கட்டும். இடையில் ஒரு கிழமைகூட இடைவெளி விடாதீர்கள். சீட்டுக் காசை வாங்கிய கையோடு அடுத்த சீட்டுக்குப் பெயர் கொடுக்கிற ஊருக்கு இது புதிய பழக்கமா?

இதற்குச் சங்கம் பதியத் தேவையில்லை, தலைவர் செயலாளர் தேவையில்லை, திறப்பு விழாவும் பொன்னாடையும் தேவையில்லை. ஒரு கொப்பித் தாள் போதும். அதில் உங்கள் பெயர், எந்த ஐந்து நாள், எத்தனை நிமிடம், எவ்வளவு சல்லி, யார் பிடிக்கிறார், யார் சாட்சி, எந்தெந்த வருத்த நாட்கள் கணக்கில் சேராது, தவறினால் காசு எங்கே போகும் என்று எழுதிக் கையெழுத்துப் போடுங்கள். வருகிற ஞாயிறு பின்னேரம், வெயில் தாழ்ந்த பிறகு, நாலு பேராகக் கூடி அந்தத் தாளை எழுதுங்கள். சல்லியை அங்கேயே எண்ணிக் கொடுத்துவிடுங்கள், "பிறகு தாறன்" என்பவரை அன்றைக்குச் சேர்க்காதீர்கள். திங்கள் வெள்ளன ஐந்தரை மணிக்கு முதலில் எழும்புகிறவர் மற்ற மூன்று பேரின் கடப்படியிலும் நின்று கூப்பிட வேண்டும்.